இந்தியாவுக்கு இரண்டு தங்கம் தேடித்தந்த பள்ளி ஆசிரியர் ரஹீம்

கால்பந்தில் ஆசியாவிலேயே முதல் இடத்தில் இருந்த நாடு இந்தியா என்று இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அரை இறுதி வரை சென்றது என்றால் சிரிப்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் சாதித்துக் காட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். ஊர் ஐதராபாத்.

1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றது. 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். இடையில் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். இந்த மூன்று அணிகளுக்கும் பயிற்சியாளர் ரஹீம்தான். ஜகார்த்தா வெற்றி கிடைத்து ஓராண்டுகூட முடியவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

வாத்தியார் வேலை

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சி நடந்த காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். கல்லூரி நாட்களிலேயே கால்பந்தில் பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, பிறகு வேறு சில பள்ளிகள், கடைசியில் சாதர்காட் உயர்நிலைப் பள்ளி. நடுவில் உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமாவும் வாங்கினார். அதன்பின் பாடம் நடத்துவதோடு மைதானமும் அவர் பொறுப்புக்கு வந்தது.

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் பெரிய பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை. ரஹீம் மைதானத்தில் இறங்கி ஆடிய காலத்தில் இந்தியா முழுவதும் அறிந்த ஆட்டக்காரர் அல்லர். ஆனால் முப்பது பையன்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எவனுக்கு எது வரும், எவனுக்கு எது வராது என்று கண்டுபிடிக்கும் கண் ஆசிரியர்களுக்கு உண்டு. அந்தக் கண்ணை அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். அவர் செய்த எல்லாக் காரியத்திலும் ஒரு வாத்தியாரின் கை தெரியும்.

1940களில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சங்கச் செயலாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர் என்று நினைக்க வேண்டாம். பையன்களுக்காகப் புதுப்புது விதமான போட்டிகளை ரஹீம் ஏற்பாடு செய்தார். ஒரு போட்டியில் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரியை ஏமாற்றி ஓடக்கூடாது; வந்த பந்தை உடனே இன்னொருவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது காலில் சூரன் என்று பெயர் வாங்கியவன் அங்கே திணறுவான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது விளையாட்டு. பையன்களுக்கோ அது பாடம். சில மாதங்கள் போனால் இரண்டு காலும் ஒன்றுபோல் பேசும்.

ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் அவரே பயிற்சி அளித்தார். அந்நாளில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று அணிகளை மீறி யாரும் தலைதூக்க முடியாது என்ற நிலை. அந்த நிலையை ஐதராபாத் போலீசார் மாற்றினார்கள். பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றார்கள். 1950இல் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானையே தோற்கடித்தார்கள். பம்பாய் கூப்பரேஜ் மைதானத்தில் அந்த ஆட்டங்களைப் பார்த்த பழைய தலைமுறைத் தமிழர்கள், நெடுங்காலத்துக்குப் பிறகும் போலீஸ் அணியின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்கள்.

வெறுங்கால் வீரர்கள்

1951 மார்ச்சில் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. இந்திய அணிக்குக் கேப்டன் சைலன் மன்னா. பயிற்சியாளர் ரஹீம். இந்தோனேஷியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0 என்று வென்று இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அங்கே ஈரானை 1-0 என்று வீழ்த்தியது. கோல் போட்டவர் மேவாலால். சுதந்திரம் வாங்கி நான்கு வருடம் ஆகாத நாட்டுக்கு அது பெரிய பெருமை.

அடுத்த ஆண்டே அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது.

1952 ஜூலை 15ந் தேதி. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு எதிரி யூகோஸ்லாவியா. முடிவு 10-1. பத்துக் கோல் வாங்கி, கடைசி நேரத்தில் அகமது கான் அடித்த ஒரே ஒரு கோலோடு இந்தியா வெளியேறியது. யூகோஸ்லாவியாவின் செபெக் ஒருவரே நான்கு கோல் போட்டார்.

அந்த ஆட்டத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நம் ஊர்க் காய்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டம் அழகுதான். பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் குளிர் நாட்டுப் புல்தரையில், ஆணி வைத்த பூட்சு அணிந்த ஆறடி ஆட்கள் முன்னே அது செல்லவில்லை. இன்னொரு குறையும் இருந்தது. ஒலிம்பிக் ஆட்டம் 90 நிமிடம். நம் நாட்டில் நடந்த போட்டிகள் அந்நாளில் அதைவிடக் குறைவான நேரமே நடந்தன. மூச்சு போதவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யூகோஸ்லாவியா சாதாரண அணி அல்ல. அந்த ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டம் வரை போய் வெள்ளி வாங்கியது. அதனிடம் தோற்றது அவமானம் இல்லை. பத்துக் கோல் வாங்கியதுதான் அவமானம். ரஹீம் மனத்தில் தைத்ததும் அதுதான். வேறொருவராக இருந்தால் பூட்சு மேல் பழி போட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பார். பூட்சு பிரச்சினை எளிதாகத் தீர்ந்தது. ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்சு அணிவதை அகில இந்தியக் கால்பந்துச் சங்கம் கட்டாயம் ஆக்கிவிட்டது. அது தீராத பிரச்சினை என்று ரஹீம் கண்டது வேறு ஒன்று. நம் ஆட்ட முறையே பழசாகிவிட்டது.

அந்த முறை இதுதான்: பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். வெள்ளைக்காரன் எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. எதிரியின் முன்கள ஆட்டக்காரர் நேரே நம் கோலுக்கு முன்னால் வந்து நின்றால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அவர் நடுக்களத்துக்குப் பின்வாங்கிப் போய் அங்கிருந்து பந்தை அனுப்பினால் யார் தடுப்பது? பின்னால் நிற்கும் ஆள் அவரைத் தொடர்ந்து போனால் கோல் வாசல் காலி. போகாவிட்டால் அவர் இஷ்டத்துக்கு ஆடுவார். ஹெல்சிங்கியில் ஹங்கேரி அணி இப்படி ஆடித்தான் தங்கம் வென்றது. ரஹீம் அதைக் குறித்துக்கொண்டார். ஊர் திரும்பி ஐதராபாத் பையன்களிடம் சோதித்துப் பார்த்தார். சென்டர் பார்வர்டைப் பின்னுக்கு இழுத்தார். தற்காப்பில் ஆளைக் கூட்டினார்.

1958 உலகக் கோப்பையில் பிரேசில் நான்கு, இரண்டு, நான்கு என்று ஆட்களை நிறுத்தி உலகையே வியக்க வைத்தது. அந்த முறையின் சாயல் அதற்கு முன்பே ரஹீமின் அணிகளிடம் காணப்பட்டது. இதை வைத்து இந்தியாவை ஆசியாவின் பிரேசில் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அது கொஞ்சம் அதிகம். பிரேசிலுக்கு இருந்த ஆட்களும் வசதியும் ரஹீமுக்கு இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன என்பதைப் பார்ப்பதுதான் நியாயம்.

சைக்கிள் வாடகை

செகந்திராபாத்தில் வெள்ளையர் காலத்திலேயே பெரிய ராணுவ முகாம் உண்டு. ராணுவ வேலைக்கும், அதை ஒட்டிய சில்லறை வேலைகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் திருமலகிரி, பொல்லாரம் பக்கங்களில் நிறைய. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் அம்முகூடா என்ற சிற்றூரில் இருந்தது. அந்த வீட்டுப் பையன் துளசிதாஸ் பலராமன். 1936இல் பிறந்தவன். கையில் காசு இல்லை. காலில் பந்து இருந்தது.

பையன் ஆடுவதை ரஹீம் பார்த்தார். ஐதராபாத் அணிக்கான பயிற்சிக்கு வரச் சொன்னார். பயிற்சி நடக்கும் பதே மைதானம், பிற்பாடு லால் பகதூர் ஸ்டேடியம் ஆன இடம், அம்முகூடாவிலிருந்து பல மைல் தூரம். தினமும் வந்துபோகப் பணம் இல்லை என்று பையன் சொன்னான். ரஹீம் யோசிக்கவில்லை. வாடகை சைக்கிள் எடுக்கத் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார். பையன் சைக்கிள் மிதித்து வந்தான், ஆடினான், மிதித்துத் திரும்பினான். 1956இல் சந்தோஷ் கோப்பைக்கான ஐதராபாத் அணியில் இடம் கிடைத்தது. ஐதராபாத் அந்தக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு முடிவதற்குள் அந்தப் பையன் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு விமானம் ஏறினான்.

ஒரு ரூபாய் பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். 1950களில் ஒரு பள்ளி ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து தினம் தினம் போன ரூபாய் அது. சம்பள நாளை எண்ணிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்த தமிழர்தான். முதலில் சென்டர் பார்வர்டாக ஆடியவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போனார். அங்கே கோல் கீப்பர் ஆனார். அந்த மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றபோது கோல் வாசலில் நின்றவர் அவரே. நல்ல உயரம், நீண்ட கைகள். உயரப் பந்து வந்தால் அவர் தலைக்கு மேல் யாரும் எழ முடியாது. இந்த உயரம் பிற்பாடு ஜகார்த்தாவில் நாட்டுக்கு உதவியது.

மெல்போர்ன்

1956இல் மெல்போர்னுக்குப் போன அணிக்குக் கேப்டன் பத்ரு பானர்ஜி. ஐதராபாத் பையன்கள் பலர் அணியில் இருந்தார்கள். ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்று ஆடாமலே இந்தியா கால் இறுதிக்கு வந்தது. எதிரி, போட்டி நடத்தும் நாடான ஆஸ்திரேலியா.

டிசம்பர் 1ந் தேதி ஆட்டம். இந்தியா 4-2 என்று வென்றது. பம்பாய் வீரர் நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தான். நாலாவது கோல் கிட்டு என்கிற கிருஷ்ணசாமி போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஒலிம்பிக் முடிந்தபின் சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் இன்னொரு ஆட்டம் நடந்தது. அதில் இந்தியா போட்ட கோல்கள் ஏழு, வாங்கியது ஒன்று.

அரை இறுதியில் எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா.

நான்கு வருடத்துக்கு முன்னால் பத்துக் கோல் போட்ட அந்த அணிக்கு, இந்தத் தடவை முதல் பாதியில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. இடைவேளைக்குப் பின் முதல் கோல் போட்டது இந்தியா! நெவில் டிசூசாதான். மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஆனால் சில நிமிடங்களில் யூகோஸ்லாவியா சமன் செய்தது; பிறகு முந்தியது. முடிவில் 4-1. அதில் ஒன்று நம்மவர் காலிலேயே பட்டு உள்ளே போன பந்து. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று இந்தியா தோற்றது. நாலாவது இடம்.

பதக்கம் இல்லை. ஆனால் ஹெல்சிங்கி கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

மகனுக்கும் சலுகை இல்லை

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா இருந்த பிரிவு மிகக் கடினமானது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோல்வி. இந்தியாவின் கோல் பலராமன் போட்டது. பிரான்சுடன் 1-1. கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் போட்டு இந்தியா முந்தியிருந்த ஆட்டம் அது. முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பிரான்சு சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்று இந்தியா வெளியேறியது. தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் அந்த அணியில் இருந்தார்.

ரஹீமின் மகன் ஹக்கீமும் ரோம் அணியில் ஒருவர். ஒரு ஆட்டத்தில்கூட அவர் இறக்கப்படவில்லை. தகப்பனார் பயிற்சியாளர், மகன் ஒலிம்பிக் அணியில். மூன்று ஆட்டத்தையும் ஓரத்தில் இருந்து பார்த்துவிட்டு மகன் ஊர் திரும்பினார். தந்தை பெரிய இடத்தில் இருந்தால் பிள்ளைக்கு வழி தானாகத் திறக்கும் என்று எல்லாரும் நினைக்கிற நாட்டில், இது சொல்லத் தக்க செய்தி. ஹக்கீம் பின்னாளில் விமானப்படையில் அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் பெயர் பெற்றார்.

ஜகார்த்தா

1962இல் நான்காவது ஆசிய விளையாட்டு இந்தோனேஷியாவில் நடந்தது. ரஹீமின் உடலுக்குள் புற்றுநோய் புகுந்திருந்தது. ஆனாலும் அணியை அவர் கைவிடவில்லை. பயிற்சி கொடுத்தார், ஜகார்த்தாவுக்கும் உடன் போனார். கேப்டன் சுனி கோஸ்வாமி. பலராமன், தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று அணியில் தமிழ்ப் பெயர்கள் பல. வங்காளிகள், பஞ்சாபியர், மலையாளி, கோவாக்காரர், ஐதராபாத் முஸ்லிம் என்று எல்லாரும் இருந்தார்கள். இவர்களை ஒரே குடும்பமாகக் கட்டி வைத்தவர் ரஹீம் சாகிப்.

தொடக்கமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. இன்னொரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் தற்காப்பின் தூணான ஜர்னெயில் சிங்கின் மண்டையில் அடிபட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரை இறுதிக்குப் போனது.

இங்கேதான் ரஹீமின் மூளை வேலை செய்தது. தலையில் கட்டுடன் இருக்கும் ஆளைத் தற்காப்பில் நிறுத்தினால் வருகிற பந்தையெல்லாம் முட்டித் தள்ள வேண்டும், ஆபத்து. வெளியே உட்கார வைக்கவும் மனம் இல்லை. ஜர்னெயில் சிங் ஆஜானுபாகு, பயம் அறியாதவர். அவரைத் தூக்கி முன்களத்தில் சென்டர் பார்வர்டாகப் போட்டார் ரஹீம்! தற்காப்பு ஆட்டக்காரரைக் கோல் போட அனுப்பியதைக் கண்டு பலருக்குத் திகைப்பு. தெற்கு வியட்நாமுடன் நடந்த அரை இறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு. ஜர்னெயில் சிங் ஒன்று.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக்கு வெளியே ஒரு பெரிய புயல் எழுந்தது. இஸ்ரேல், தைவான் ஆகிய இரண்டு நாடுகளின் வீரர்களை இந்தோனேஷியா வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும் என்று இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி கேள்வி எழுப்பினார். கேள்வி நியாயமானதுதான். விளைவை அனுபவித்தவர்கள் விளையாட்டு வீரர்கள். ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிராக ஆத்திரம் மூண்டது. செப்டம்பர் 3ந் தேதி இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் தெருவில் நடமாட அஞ்ச வேண்டிய நிலை.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் தம் பையன்களைக் கூப்பிட்டார். தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கம் என்று மட்டும் கேட்டார். அவர் உடல்நிலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கால் விரலில் அடிபட்டிருந்த திரிலோக் சிங் வலியைப் பொருட்படுத்தாமல் ஆட முன்வந்தார்.

கோல் வாசலில் யார் என்பது இன்னொரு கேள்வி. தங்கராஜுக்குக் காய்ச்சல். இடையில் நடந்த ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நின்று நன்றாகவே ஆடியிருந்தார். ஆனால் கொரியர்கள் உயரப் பந்து போட்டுத் தாக்குகிறவர்கள் என்பதை முதல் ஆட்டத்திலேயே ரஹீம் பார்த்துவிட்டார். உயரமான ஆள் வேண்டும். தங்கராஜைக் களத்தில் இறக்கினார்.

செப்டம்பர் 4ந் தேதி. செனாயன் ஸ்டேடியத்தில் லட்சம் பேர். இந்திய வீரர்கள் உள்ளே வந்ததும் கூச்சல். தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல். அத்தனை கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் உண்டு என்பதை நம் வீரர்கள் கடைசிவரை மறக்காமல் சொல்லிவந்தார்கள். முந்திய நாள்தான் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்திருந்தவர்கள் அவர்கள்!

எதிரி, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென் கொரியா. 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். கூச்சல் குறைந்தது. மூன்றே நிமிடம் கழித்து இன்னொரு கோல். போட்டவர் தலையில் தையலுடன் ஆடிய ஜர்னெயில் சிங். அதன்பின் கொரியர்கள் அலை அலையாக வந்தார்கள். தங்கராஜின் நீண்ட கைகள் பந்தைப் பறித்துக்கொண்டே இருந்தன. அருண் கோஷ் தற்காப்பில் மலைபோல் நின்றார். முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கொரியா ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

பரிசைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரஹீம் ஊர் திரும்பினார். ஒன்பது மாதம் கழித்து இறந்துபோனார்.

அவருக்குப் பின்

நல்ல பயிற்சியாளருக்கு அரசு தரும் துரோணாச்சாரியா விருது 1985இல்தான் ஏற்பட்டது. ரஹீம் மறைந்து 22 வருடம் ஆகியிருந்தது. ஐதராபாத்துக்கு வெளியே அவர் பெயர் மெல்ல மெல்ல மறந்துபோயிற்று. அவர் கதையைச் சொல்லும் இந்திப் படமான மைதான் 2024இல் வெளிவந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியவந்தது. அணியின் சாதனை தெரிந்திருந்தது. அணியைச் செய்தவரைத் தெரியவில்லை. நம் நாட்டில் இது புதிதல்ல.

அவர் வளர்த்த பையன்கள் நாலா பக்கமும் போனார்கள். பலராமன் ஏற்கெனவே கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கேப்டனாக இருந்தவர். நுரையீரல் நோய் தாக்கவே, ரஹீம் மறைந்த அதே 1963இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில் ஆட்டத்தை விட்டார். ஐதராபாத் திரும்பவில்லை. கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து 2023 பிப்ரவரியில் காலமானார். தங்கராஜ் 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். பிறகு பொகாரோவில் குடியேறி 2008இல் அங்கேயே இறந்தார். சைமன் சுந்தரராஜ் பயிற்சியாளர் ஆனார். கேரளம் 1973இல் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தான்.

பி.கே. பானர்ஜியும் பயிற்சியாளராகிப் புகழ் பெற்றார். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் வெண்கலம் வென்றது. அந்த அணியைத் தயார் செய்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்திலும் இந்தியா ஆடவில்லை.